நீ எதைத் தின்னு வளந்தே?

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பெரிய சார்ட் தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, சொந்த ஊரில் எந்த மாதம் என்ன விளைகிறது, அதை வைத்து வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். நான் கீரை ஆய்ந்தபடி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் கிடந்தது. மகள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "நம்ம ஊர்ல சீசனுக்கு என்னம்மா கிடைக்கும்?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "நம்ம ஊரு காஞ்ச காடு பாப்பா. சீசன்னு அங்க ஒண்ணும் கிடையாது. அப்பா ஊரை எழுதிக்கோ" என்றேன். அவள் அப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். எழுத ஏராளம் இருக்கும். அவளும் சரியென்று போய்விட்டாள். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் அம்மா கேட்டாள்: "ஒண்ணும் கிடையாதா? அப்ப நீ எதைத் தின்னுடி வளந்தே?" குரலில் கோபம் இல்லை. "சரி, வையி. அடுப்புல உலை கெடக்கு" என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. அம்மா அதற்குப் பிறகு நாலைந்து தடவை பேசினாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு பதில் என் வாயிலிருந்து எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது? தமிழ்நாட்டில் ஒரு அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமென்றால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்பார்கள். அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம்தான். கல்லூரியில், வேலையில், கல்யாணமாகிப் போன வீட்டில் என்று இத்தனை வருடம் அதைக் கேட்டுக் கேட்டு, எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த நானே ஒரு கட்டத்தில் அதை நம்பிவிட்டிருக்கிறேன். மகளிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் அம்மா காதுபட.

இன்னொன்றும் இருக்கிறது. பருவத்துக்கு ஏற்றபடி சமைப்பது என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள், காட்டுகிறார்கள். நல்ல விஷயம், நானும் ஆர்வமாகப் பார்ப்பேன். ஆனால் அதில் வருவதெல்லாம் பச்சை. அன்று பறித்த கீரை, பிஞ்சுக் காய், பனி படிந்த பட்டாணி. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை. கண்மாய் பெருகினால் அந்த வருடம் தப்பித்தோம். மாசி வந்தால் கரிசல் வெடிக்க ஆரம்பித்துவிடும். பங்குனியில் கண்ணுக்கெட்டிய தூரம் பனையும் சீமைக்கருவேலமும் தவிரப் பச்சை இருக்காது. காவிரித் தண்ணீர் பாயும் ஊரின் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஊரை அளந்தால் பன்னிரண்டு கட்டத்தில் மூன்றுகூட நிரம்பாது. நான் அந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, மனசு ஆறட்டும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அம்மா வைக்கும் அதே முறைதான், கைப்பக்குவம் தெரிந்த குழம்புதான். தெருமுனைக் கடையில் சீலாக் கருவாடு வாங்கினேன். டப்பாவில் இருந்த மிளகாய்த்தூள், எப்போதோ வாங்கிய புளி, பாக்கெட் உப்பு. குழம்பு கறுத்துப் போய் வந்தது. காரம் நாக்கின் நுனியில் சுள்ளென்று ஏறி அங்கேயே நின்றது. புளிப்பு தனியாக, உப்பு தனியாக. மகள் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மாச்சி வச்சா இப்படி இருக்காது" என்றாள். அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவள் மூன்றே கேள்வி கேட்டாள். "வத்தல் எந்த வருசத்து? புளி எப்ப உடைச்சது? கருவாடு எந்த மாசம் போட்டது?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "சரி, சித்திரைக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வா" என்றாள்.

சித்திரையில் ஊர்

எங்கள் ஊர் சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் வழியில் இருக்கிறது. அப்பா வழியில் மிளகாய்க்காடு. அம்மா பிறந்தது வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். இரண்டுக்கும் நடுவில் மாட்டுவண்டி தூரம்தான், ஆனால் ஒன்று கரிசல், ஒன்று மணல். அம்மா மணலில் பிறந்து கரிசலில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டு அடுப்படியில் என்ன வேகிறது என்பதை இந்த இரண்டு மண்ணும் சேர்ந்துதான் முடிவு செய்தன.

மே மாதம் முதல் வாரம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் என் மகளை மாமா கடற்கரைக்குக் கூட்டிப்போனார். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் கூட்டினார்கள். மீன் சினை பிடித்து முட்டை விடும் நேரம் என்பதால் இந்தத் தடை. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அவை கரையோரம் போய் அன்றன்றைக்குக் கிடைப்பதைக் கொண்டுவரும். மாமாவுக்கு இருப்பது ஒரு வள்ளம்தான். அன்று ஒரு கைப்பிடி நகரை, கொஞ்சம் ஓரா, நாலு நண்டு. மகள் அந்தச் சின்னக் கூடையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா மாமாத் தாத்தா? அப்ப எல்லாரும் இப்ப என்ன சாப்பிடுவாங்க?" என்று கேட்டிருக்கிறாள். "உங்க அம்மாச்சியப் போய்க் கேளு" என்று அனுப்பிவிட்டார்.

அவள் வந்து கேட்டபோது அம்மா முற்றத்தில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதில் ஏதும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சுளகில் வைத்தாள். ஒரு கை முண்டு வத்தல். ஒரு உருண்டை புளி. சிரட்டையில் கல்லுப்பு. ரெண்டு துண்டு சீலாக் கருவாடு. ஓலைச் சிப்பத்திலிருந்து பிரித்த ஒரு கருப்பட்டி வட்டு. ஒரு பிடி காய்ந்த மொச்சை. பிறகு மகளைப் பார்த்து, "அன்னைக்கு ஏதோ எழுதணும்னியே தாயி, நோட்டை எடுத்துட்டு வா, எழுது" என்றாள். மூன்றரை மாதம் முன்னால் ஸ்பீக்கரில் கேட்ட விஷயம். அவள் மறக்கவே இல்லை.

"தை கடைசியில மிளகாய் பழுக்கும். மாசி, பங்குனி ரெண்டு மாசமும் பழம் எடுத்துக் களத்துல காயும். எழுதிட்டியா? மாசி, பங்குனியில புளி உலுக்குவோம். பங்குனி பொறந்தா பதினி இறங்கும், கருப்பட்டி காச்சுவாங்க. பாத்தியில உப்பு நல்லா விளையறதும் இப்பத்தான். கருவாடு மாசியிலருந்து வைகாசி வரைக்கும் போடலாம், ஆனி பொறந்தா கச்சான் காத்து மண்ணை வாரி அடிக்கும், போட முடியாது." மகள் வேகமாக எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பள்ளியில் படித்தது அவளுக்கு இடித்தது போல. "அம்மாச்சி, இதெல்லாம் காஞ்சது. காஞ்சதை எப்ப வேணா சாப்பிடலாமே, அது எப்படி சீசன் ஆகும்?" அம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "திங்கறது எப்ப வேணாத் திங்கலாம் தாயி. காயப் போடணுமே. மழையிலயா காயும்?"

நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சுளகில் இருந்த ஆறு பொருளையும் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஒன்றுகூடப் பச்சையாக இல்லை. ஆறும் அந்த மூன்று நாலு மாதத்து வெயிலில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தோ வண்டியிலோ போய்வரக்கூடிய தூரத்துக்குள் விளைந்தவை. எங்கள் கரையில் மழைக்காலம் விதைக்கிற காலம். வெயில்காலம்தான் விளைச்சல். எந்த வெயிலைச் சொல்லி எங்கள் ஊரை ஒன்றுமில்லாத ஊர் என்கிறார்களோ, நானும் சொன்னேனோ, அந்த வெயில் இல்லாவிட்டால் அந்தச் சுளகில் வைக்க எதுவும் இருந்திருக்காது. அம்மாவிடம் அப்போது எதுவும் சொல்லத் தோன்றவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கிடந்த நாரை எடுக்க ஆரம்பித்தேன்.

வத்தலும் புளியும் உப்பும்

முண்டு வத்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் எல்லாரும் படம் போட்டுக் கொண்டாடினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அந்த மிளகாய் என்றால் அப்பத்தா. புரட்டாசிக் கடைசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டே விதைப்பார்கள். பெரும்பாலும் மானாவாரிதான், மழைதான் தண்ணீர். பழம் எடுத்து வந்ததும் உடனே காயப் போட மாட்டாள் அப்பத்தா. ஒரு நாள் குவித்து மூடி வைப்பாள். அரைப்பழுப்பில் இருந்ததும் அதற்குள் ஒரே சிவப்பாக ஏறிவிடும். அப்புறம் களத்தில் பரப்புவாள். சாயங்காலம் பனி இறங்குமுன் குவித்து மூட வேண்டும், காலையில் திரும்பப் பரப்ப வேண்டும். பத்து நாளோ பதினைந்து நாளோ, நாள் கணக்கு அவளுக்குக் கிடையாது. ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டுவாள். உள்ளே விதை கலகலவென்று உருண்டால் காய்ந்தது. எங்களுக்கு அது கிலுகிலுப்பை. ஆட்டி ஆட்டி விளையாடுவோம், அப்புறம் அந்தக் கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அழுவோம். அப்பத்தா திட்டிக்கொண்டே மோரை எடுத்துவந்து துடைத்துவிடுவாள்.

முண்டு வத்தல் உருண்டையாக, தோல் தடித்து, கருஞ்சிவப்பில் பளபளவென்று இருக்கும். கடையில் கிடைக்கும் நீளமான சம்பா வத்தலின் காரம் முன்னால் வந்து நிற்கும். முண்டு பின்னால் வரும், வந்து சட்டியில் மற்றதோடு கலந்து போகும். என் சென்னைக் குழம்பின் காரம் நாக்கு நுனியில் நின்றதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

புளி அம்மாவின் பொறுப்பு. ஓட்டை உடைத்து, நாரையும் கொட்டையையும் எடுத்து, உப்பைத் தூவித் தூவிப் பானையில் அமுக்கி வைப்பாள். எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு பானை. பழம்புளி ரசத்துக்கும் பச்சை மீனுக்கும். கருவாட்டுக்குப் புதுப்புளிதான். கருவாடே ஒரு வருடத்து வாசம், அதற்குக் கறுத்த புளியும் சேர்ந்தால் குழம்பு மண்டிப் போகும் என்பாள். எல்லார் வீட்டிலும் இப்படி இருக்காது, எங்கள் வீட்டில் இப்படி.

உப்பை மட்டும் விலைக்கு வாங்குவோம். ஆனால் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு வரலாம். மாரியூரையும் வாலிநோக்கத்தையும் ஒட்டிப் பரந்து கிடக்கும் உப்பளத்தில், 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம் உப்பு எடுக்கிறது. கோடையில் அந்த வழியாகப் பேருந்தில் போனால் பாத்திகளின் வெளிச்சத்தில் கண் கூசும். மழை விழுந்தால் வேலை நின்றுவிடும்.

கருவாடு என்றால் அம்மாவைப் பெற்ற என் அம்மாச்சி. கரை வலையில் காரலும் சாளையும் குவியும் நாளில் பச்சையாக விற்றது போக மிஞ்சியதை வீணாக்காமல் போட்டதுதான் கருவாடு என்று யாராவது சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கருவாட்டுக்கென்று மீன் தேர்ந்தெடுப்பாள். சீலா, பாறை மாதிரி சதை உள்ளதை முதுகு கீறிப் பிளந்து, குடலும் செவுளும் எடுத்து, கடல் தண்ணீரிலேயே அலசுவாள். நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. ஒரு நாள் தொட்டியில் ஊறும். மறுநாள் அலசி ஓலைப் பாயில் விரிப்பாள். மணலில் போட்டால் கடித்துப் பார்க்கும்போது தெரியும், 'பல்லு பேசும்' என்பாள். மாசியில் அவள் போடுகிற கருவாடு எங்கள் வீட்டுக்கு நார்ப்பெட்டியில் வரும். பெட்டி காலியாகத் திரும்பக் கூடாது, அப்பத்தா அதில் வத்தலை நிரப்பி அனுப்புவாள். சம்பந்தி இருவருக்கும் நேரில் பேசிப் பழக்கம் குறைவு. வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்த்துக்கொள்வார்கள், அதுவும் காதுகுத்து, சடங்கு என்று கூட்டத்துக்கு நடுவில். அந்தப் பெட்டிதான் இரண்டு பேருக்கும் நடுவில் போய்வந்தது.

சட்டியில்

அன்று மத்தியானம் குழம்பு வைத்தோம். அம்மா உட்கார்ந்து சொன்னாள், நான் செய்தேன், மகள் எழுதினாள். கருவாட்டை அரிசி களைந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு உரசிக் கழுவினேன். வத்தல், மல்லி, சீரகம், கொஞ்சம் மிளகு, இவற்றை வெறும் சட்டியில் வறுத்துச் சின்ன வெங்காயத்தோடு அம்மியில் அரைத்தேன். மதினி மிக்சியை எடுத்துவந்து வைத்தாள், அம்மா இன்றைக்கு வேண்டாம் என்றுவிட்டாள். மண்சட்டியில் நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு முழுப் பூண்டு. கத்தரிக்காயை வதக்கி, முந்தின நாள் ராத்திரி ஊறவைத்து வேகவைத்த மொச்சையைப் போட்டு, புளிக்கரைசலில் மசாலாவைக் கலந்து ஊற்றினேன். கை பழக்கத்தில் உப்பை எடுக்கப் போனது. "பொறு. கருவாடு இன்னும் பேசலையே" என்றாள் அம்மா. குழம்பு கொதித்து எண்ணெய் விளிம்பில் கட்டிய பிறகு கருவாட்டுத் துண்டையும் மாங்காயையும் போட்டு, தீயைத் தணித்துப் பத்து நிமிடம். ருசி பார்த்தேன், உப்பு தேவையே படவில்லை. கடைசியில் சுண்டு விரல் நகம் அளவு கருப்பட்டி. சட்டியை இறக்கி மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் யாரையும் தொடவிடவில்லை.

நிறம் செம்மண் மாதிரி வந்திருந்தது. சோற்றில் விட்டுப் பிசைந்து முதல் வாய் வைத்தபோது எதுவும் தனியாகத் தெரியவில்லை. காரம் மெதுவாகப் பின்னால் வந்தது. மகள் மறுசோறு கேட்டாள். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அதே குழம்பு, சுண்டிப் போய், இன்னும் நன்றாக. உண்மையில் அந்தக் குழம்பு வைப்பதே மறுநாளுக்குத்தான்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருந்தபோது அம்மா ஒன்று சொன்னாள். இரண்டு வருடம் முன்னால் ஒரு பங்குனியில், களம் முழுக்க வத்தல் கிடக்கும்போது நாலு நாள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டு மூடியும் உள்ளே வேர்த்து, பாதி வெளுத்துப் போனது, பாதி பூசணம் பிடித்தது. "தண்ணியில்லாக் காடுங்கிறாங்க. அந்த நாலு நாளு தண்ணிதான்டி எங்கள முடிச்சிச்சு" என்றாள். தேவையில்லாத மாதத்தில் வரும் மழையைப் பற்றி என் அப்பத்தா பேசி நான் கேட்டதில்லை. அம்மா இப்போது அடிக்கடி பேசுகிறாள். எங்கள் ஊருக்கு மழை வேண்டும் என்று மட்டும் சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். வெயிலும் அதன் மாதத்தில் வர வேண்டும் என்பதற்காகக் கவலைப்பட வேண்டியிருக்கும் என்று நினைத்ததே இல்லை.

கிளம்பும்போது அம்மா ஒரு நார்ப்பெட்டி கட்டிக் கொடுத்தாள். வத்தல் இரண்டு கிலோ, புளி ஒரு பானை, கருவாடு, கருப்பட்டிச் சிப்பம். மகள் நோட்டில் பன்னிரண்டு கட்டமும் நிரம்பியிருந்தது. ஆவணியில் பனம்பழம், மழைக்குப் பிறகு அதலைக்காய், மார்கழி, தையில் பனங்கிழங்கு என்று மீதியையும் அம்மாச்சியிடம் கேட்டு எழுதியிருந்தாள். பள்ளி அதைக் கேட்கவில்லை. தை மாதத்து சார்ட் தஞ்சாவூரோடு எப்போதோ போய்விட்டது. அந்த நோட்டு இப்போது எங்கள் அடுப்படியில் புளிப்பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன வாரம், புரட்டாசி பாதியில், அம்மா காலையிலேயே போன் செய்தாள். அங்கே விதைப்புக்கு உழவு ஓட்டிக்கொண்டிருக்கிறார்களாம். "மெட்ராஸ்ல வெயில் அடிக்குதா?" என்று கேட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது. "அப்ப என்ன பேசிட்டு இருக்கே? மழை பிடிக்கிறதுக்குள்ள வத்தலையும் கருவாட்டையும் எடுத்து வெளிய போடு" என்றாள். மகள் சுளகை எடுத்துக்கொண்டாள், நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து வத்தலைக் கொட்டியதும், அவள் ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினாள்.